லினக்ஸில் சிடி, டிவிடி மவுண்ட் ஆகவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

புதிய மடிக்கணினிகளில் சிடி டிரைவ் வருவதில்லை. வட்டுகள் மட்டும் வீட்டு அலமாரியை விட்டுப் போகவில்லை. அண்ணன் கல்யாண விசிடி, தாத்தாவின் சதாபிஷேக டிவிடி, ஸ்டுடியோக்காரர் எரித்துக் கொடுத்த புகைப்பட சிடி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். ஒருநாள் அவற்றைக் கணினிக்கு மாற்றலாம் என்று யூஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கி லினக்ஸில் செருகினால், வட்டு சுற்றும் சத்தம் கேட்கும், திரையில் ஒன்றும் வராது. அல்லது புரியாத ஒரு பிழைச் செய்தி வரும்.

அந்த நேரத்தில் பலரும் செய்வது இணையத்தில் தேடி, கிடைத்த கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்ப்பது. நல்ல வட்டாக இருந்தால் அதனால் நஷ்டமில்லை. இருபது வருடப் பழைய, கீறல் விழுந்த வட்டாக இருந்தால் ஒவ்வொரு முயற்சியும் அதைச் சிரமப்படுத்துகிறது. அதனால் முதலில் கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும், நாம் படிக்க வேண்டியதுதான் பாக்கி.

வட்டில் உள்ள கோப்பு உங்கள் கண்ணில் படுவதற்குள் பல கட்டங்கள் நடக்கின்றன. டிரைவுக்கு மின்சாரம் கிடைத்து, அது கெர்னலுக்குத் தெரிய வேண்டும். உள்ளே வட்டு இருப்பதை டிரைவ் உணர வேண்டும். வட்டின் தடங்களைப் படிக்க முடிய வேண்டும். அதில் கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் முறை, அதாவது கோப்பு முறைமை, எது என்று அடையாளம் தெரிய வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகுதான் அதை ஒரு ஃபோல்டரில் இணைக்கும் மவுண்ட். பிழைச் செய்தி மவுண்ட் பெயரில் வந்தாலும் அறுந்தது பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டங்களில் ஒன்றாக இருக்கும்.

இங்கே உபுண்டு, டெபியன் இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற லினக்ஸ்களிலும் கட்டளைகள் இவைதாம், தொகுப்புகளின் பெயர் மாறலாம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்.

எதற்கும் முன்னால் இரண்டு கட்டளைகள்

முதலாவது எல்எஸ்பிஎல்கே. இது கணினியோடு இணைந்த சேமிப்புச் சாதனங்களைப் பட்டியலிடும். அதில் எஸ்ஆர்0 என்று ஒரு வரி, வகை என்ற இடத்தில் ராம் என்று இருந்தால் (ஆர்ஓஎம், படிக்க மட்டும் என்ற பொருளில்) உங்கள் டிரைவைக் கெர்னல் பார்த்துவிட்டது. அந்த வரியில் அளவு 1024எம் என்று இருந்தால் உள்ளே ஒரு ஜிபி வட்டு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வட்டு இல்லாதபோது, அல்லது உள்ளே இருந்தும் டிரைவ் அதை உணராதபோது, கெர்னல் காட்டும் இயல்பு அளவு அது. வட்டை உணர்ந்துவிட்டால் உண்மையான அளவு வரும். நிறைந்த சிடி என்றால் 700 எம்பிக்கு அருகில், 4.7 ஜிபி என்று அட்டையில் போட்ட டிவிடி நிறைந்திருந்தால் 4.4ஜி என்று காட்டும்.

இரண்டாவது, சூடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ. சூடோ என்பது கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டும். கெர்னல் எழுதும் செய்திகளை இது நேரலையாகக் காட்டும். இதை ஓடவிட்டு, வட்டை உள்ளே தள்ளி, என்ன வரிகள் வருகின்றன என்று பாருங்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டு கட்டளைகளின் பதிலை வைத்துத்தான்.

எஸ்ஆர்0 என்ற வரியே இல்லை

மவுண்ட் செய்யப் போனால் 'ஸ்பெஷல் டிவைஸ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்று வரும். டிரைவே கெர்னலுக்குத் தெரியவில்லை என்று பொருள். வட்டைத் துடைத்துப் பயனில்லை.

யூஎஸ்பி டிரைவ் என்றால் முதல் சந்தேகம் மின்சாரம். யூஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டியது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3.0 தருவது 900. வட்டைச் சுழலவைக்கும் முதல் சில நொடிகளில் டிரைவ் அதற்கும் மேல் கேட்கும். போதாதபோது டிரைவ் இணைவதும் துண்டிப்பதுமாக இருக்கும். டிஎம்இஎஸ்ஜியில் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால் இதுதான். ஹப் வழியாகச் செருகியிருந்தால் எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். மேசைக் கணினி என்றால் முன்பக்கப் போர்ட்டை விடுத்துப் பின்பக்கம் செருகுங்கள். இரண்டு போர்ட்டில் செருகும் கவட்டைக் கேபிள் டிரைவோடு வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

உள்ளே பொருத்திய சாட்டா டிரைவ் என்றால் 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்', 'சாட்டா லிங்க் டவுன்' போன்ற வரிகளைத் தேடுங்கள். இருந்தால் டேட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். டிரைவை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றுவது எப்போதும் மலிவு. கணினி துவங்கும்போது வரும் அமைப்புத் திரையான பயாஸிலேயே டிரைவ் தெரியவில்லை என்றால் லினக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயாஸில் தெரிந்து லினக்ஸில் தெரியாவிட்டால் சூடோ மாட்புரோப் எஸ்ஆர்_மாட் என்று தட்டி, அதற்கான மாட்யூலை, அதாவது கெர்னலோடு சேரும் துணை நிரலை, ஏற்றிப் பாருங்கள்.

பழைய வழிகாட்டிகளில் /டெவ்/எச்டிசி என்று இருக்கும். ஐடிஇ காலத்துப் பெயர் அது, இன்றைய கெர்னல்களில் வராது. /டெவ்/சிடிராம் என்பது எஸ்ஆர்0-வைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. இரண்டு டிரைவ் உள்ள கணினியில் நீங்கள் வட்டைப் போட்டது எஸ்ஆர்1-ஆக இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

'நோ மீடியம் ஃபவுண்ட்'

டிரைவ் இருக்கிறது, வட்டு இருப்பதாக அது ஒப்புக்கொள்ளவில்லை. மடிக்கணினி வகை மெல்லிய டிரைவ்களில் வட்டை நடுக்குமிழில் அழுத்தி 'டிக்' சத்தம் வரும்வரை உட்காரவைக்க வேண்டும். சும்மா மேலே வைத்து மூடினால் இந்தச் செய்திதான் வரும். பழைய வட்டுகளை உணர டிரைவுக்குப் பத்திருபது நொடிகூட ஆகலாம், அதற்குள் அவசரப்பட்டுக் கட்டளை கொடுத்தாலும் இதே பதில்தான்.

இன்னொன்றைக் கவனியுங்கள். சிடியைப் படிக்கும் லேசர் வேறு, டிவிடியைப் படிக்கும் லேசர் வேறு. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, புளூரேவுக்கு 405 நானோமீட்டர் நீலஊதா. அதனால் ஒரே டிரைவில் சிடிகள் நன்றாக ஓடி, டிவிடிகள் மட்டும் 'மீடியம் இல்லை' என்று வந்தால் உங்கள் வட்டுகள்மேல் பழி போடாதீர்கள். டிவிடி லேசர் தளர்ந்திருக்கலாம். கடையில் வாங்கிய, நன்றாக இருப்பது உறுதியான ஒரு டிவிடியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். டிவிடி டிரைவில் புளூரே போட்டாலும் இதே செய்திதான். உங்கள் டிரைவ் எதையெல்லாம் படிக்கும் என்பதை கேட் /பிராக்/சிஸ்/டெவ்/சிடிராம்/இன்ஃபோ என்று கேட்டால் பட்டியலாகச் சொல்லும். பழைய டிரைவ் வாங்குபவர்கள் கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

'ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்'

அதிகம் பேரைத் திணறடிக்கும் செய்தி இது. ஒரே வாக்கியத்தில் நான்கைந்து காரணங்களை அடுக்கி, எது என்று சொல்லாமல் விட்டுவிடும். பிரித்துப் பார்க்க வேண்டியது நம் வேலை.

முதலில் அது கோப்புகள் உள்ள வட்டுதானா என்று பாருங்கள். பாட்டு சிடியில் கோப்பு முறைமையே கிடையாது. ஒலித்தடங்கள் மட்டுமே இருக்கும், செக்டார் (வட்டில் தரவைப் பிரித்து வைக்கும் சிறு துண்டு) ஒன்றுக்கு 2352 பைட் வீதம். கோப்பு வட்டின் செக்டார் 2048 பைட். பாட்டு சிடியை மவுண்ட் செய்ய முடியாது, செய்யத் தேவையும் இல்லை. விஎல்சியில் நேராகத் திறந்து கேட்கலாம், கணினிக்கு மாற்ற சிடிபாரனோயா இருக்கிறது. பழைய பக்தி, நாட்டுப்புறப் பாடல் சிடிகளை 'கெட்டுப்போனது' என்று தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. அவற்றில் எத்தனையோ நல்ல நிலையில் இருப்பவை.

சந்தேகம் இருந்தால் யூடெவ்ஏடிஎம் இன்ஃபோ --குவெரி=பிராப்பர்ட்டி /டெவ்/எஸ்ஆர்0 என்று கேளுங்கள். ஒலித்தடம் எத்தனை, தரவுத்தடம் எத்தனை, வட்டு வெறுமையா, முடிக்கப்பட்டதா என்று எல்லாம் வரிசையாக வரும். நிலை 'பிளாங்க்' என்று இருந்தால் அதில் ஒன்றும் எழுதவே இல்லை. 'அப்பெண்டபிள்' என்று இருந்தால் எழுதியவர் முடித்துவைக்கவில்லை. 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடியில் பதிவுசெய்யும் ஹேண்டிகேம்களிலும், டிவியோடு இணைத்த டிவிடி ரெக்கார்டர்களிலும் இது சகஜம். ஃபைனலைஸ் செய்யாத வட்டை அந்த ரெக்கார்டர் மட்டும் படிக்கும். அந்தக் கருவி இன்னும் வீட்டில் உயிரோடு இருந்தால் அதிலேயே போட்டு ஃபைனலைஸ் செய்துவிடுவதுதான் நல்லது.

அடுத்தது மாட்யூல். சிடிகளுக்குப் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 9660, டிவிடிகளுக்கு யுடிஎஃப். 'அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப்' என்று வந்தால் வட்டில் குறை இல்லை, கெர்னலிடம் அந்த மாட்யூல் இல்லை. ஆர்ச் போன்ற லினக்ஸ்களில் கெர்னலைப் புதுப்பித்துவிட்டுக் கணினியை மறுபடி துவக்காமல் இருந்தால் இப்படி வரும். ரீஸ்டார்ட் செய்தால் போதும். அலுவலகக் கணினிகளில் பாதுகாப்புக்காக யுடிஎஃப் மாட்யூலைத் தடைசெய்து வைப்பதுண்டு. /இடிசி/மாட்புரோப்.டி ஃபோல்டரில் யுடிஎஃப் பெயர் உள்ள வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிர்வாகியிடம் சொல்லிச் செய்யுங்கள்.

கடைசியாக, உண்மையான சேதம். ஐஎஸ்ஓ 9660 முறைப்படி முதல் 16 செக்டார்கள், அதாவது 32,768 பைட்கள், கோப்பு முறைமைக்கு வெளியே விடப்பட்டவை. வட்டின் பெயரும் கோப்புப் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்ற தகவலும் 16ஆம் எண் செக்டாரில் இருக்கும். டிஎம்இஎஸ்ஜியில் 'ஐஎஸ்ஓஎஃப்எஸ்_ஃபில்_சூப்பர்: பிரெட் ஃபெயில்டு' என்று தொடங்கி, ஐஎஸ்ஓ_பிளாக்நம்=16 என்று ஒரு வரி வந்தால் அந்த ஒரு செக்டாரைப் படிக்க முடியவில்லை. சிடி, டிவிடி எல்லாமே உள்விளிம்பிலிருந்து வெளியே எழுதப்படுகின்றன, ஆகவே இந்தச் செக்டார் நடுத்துளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு விரல்ரேகை போதும், முழு வட்டும் திறக்காது. துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

டிவிடி வீடியோ வட்டு என்றால் உங்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. அதில் ஒரே கோப்புகளுக்கு ஐஎஸ்ஓ 9660, யுடிஎஃப் என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். யுடிஎஃப் பட்டியலைத் தேடும் வேலை 256ஆம் செக்டாரில் தொடங்குகிறது. ஒன்று பாழானால் மற்றதைக் கேளுங்கள்: சூடோ மவுண்ட் -டி யுடிஎஃப் -ஓ ஆர்ஓ /டெவ்/எஸ்ஆர்0 /எம்என்டி. அது ஆகாவிட்டால் யுடிஎஃப் என்ற இடத்தில் ஐஎஸ்ஓ9660 என்று மாற்றித் தட்டுங்கள். திறக்காது என்று ஒதுக்கிய டிவிடி இந்த ஒரு மாற்றத்தில் திறப்பதுண்டு.

வட்டு திறக்கிறது, படத்தைக் காப்பி செய்தால் 'இன்புட்/அவுட்புட் எரர்'

இந்த அறிகுறியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் வீடுகளில் இருக்கும் வட்டுகளில் பெரும்பகுதி விசிடி, விசிடிக்கு லினக்ஸில் நேர்வது இதுதான்.

வட்டு ஒழுங்காக மவுண்ட் ஆகும். உள்ளே எம்பிஇஜிஏவி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஏவிஎஸ்இக்யூ01.டிஏடி என்று ஒரு பெரிய கோப்பு. அதைக் கணினிக்கு இழுத்தால் ஒரு பைட்கூட நகராது, பிழை வரும். உடனே 'கல்யாண சிடி போச்சு' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். விண்டோஸ் கணினியில் போட்டால் அதே வட்டு காப்பியாகும். பிறகு லினக்ஸ்மேல் கோபம்.

வட்டும் நன்றாக இருக்கிறது, டிரைவும் நன்றாக இருக்கிறது. 1993இல் வகுத்த விசிடி முறையில் படம் இருக்கும் செக்டார்கள் சாதாரணத் தரவுச் செக்டார்கள் அல்ல. ஒரு செக்டாரில் 2048 பைட் தரவும், மிச்சத்தில் பிழை திருத்தும் குறியீடுகளும் வைப்பது கோப்பு வட்டின் வழக்கம். படத்தில் ஒரு புள்ளி பிசகினால் யாருக்கும் தெரியாது என்பதால் விசிடியில் அந்தத் திருத்தக் குறியீட்டை விட்டுவிட்டு, செக்டாருக்கு 2324 பைட் வீதம் படத்தையே நிரப்பினார்கள். அப்படித்தான் ஒரு சிடியில் 74 நிமிடப் படம் அடங்கியது. லினக்ஸின் ஐஎஸ்ஓ 9660 மாட்யூல் 2048 பைட் செக்டார்களை மட்டும் கேட்கும். டிரைவ் 'இந்தத் தடத்துக்கு இது பொருந்தாது' என்று மறுத்துவிடும். டிஎம்இஎஸ்ஜியில் 'இல்லீகல் மோட் ஃபார் திஸ் டிராக்' என்று வரும் வரி அந்த மறுப்புதான். 'மீடியம் எரர்' என்று வந்தால் கீறல், 'இல்லீகல் மோட்' என்று வந்தால் விசிடி. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆகவே விசிடியைக் கோப்பாகத் திறக்காதீர்கள், தடமாகத் திறங்கள். மவுண்ட் ஆகியிருந்தால் அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு (சூடோ யூமவுண்ட் /டெவ்/எஸ்ஆர்0), விஎல்சியில் வட்டு திறக்கும் பக்கத்துக்குப் போய் விசிடி என்பதைத் தேர்ந்தெடுத்தால் படம் ஓடும். கணினிக்கு மாற்ற எனக்குப் பிடித்த வழி எம்பிளேயர்: எம்பிளேயர் விசிடி://2 -சிடிராம்-டிவைஸ் /டெவ்/எஸ்ஆர்0 -டம்ப்ஸ்ட்ரீம் -டம்ப்ஃபைல் கல்யாணம்.எம்பிஜி என்று தட்டுங்கள். முதல் தடத்தில் கோப்புப் பட்டியல் மட்டும் இருக்கும், படம் இரண்டாம் தடத்தில் தொடங்கும். அதனால்தான் அந்த 2. படம் பல தடங்களாகப் பிரிந்திருந்தால் 3, 4 என்று தொடருங்கள். இப்படி எடுத்தது தரம் குறையாத அசல் எம்பெக் கோப்பு. பிறகு வேண்டுமானால் எம்பி4-ஆக மாற்றிக்கொள்ளுங்கள், அசலை மட்டும் அழிக்காதீர்கள். விசிடியின் படமே 352க்கு 288 புள்ளிகள்தான், அதிலிருந்து இன்னும் இழக்க ஒன்றுமில்லை.

வட்டை அப்படியே முழுப் பிரதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் சிடிஆர்டிஏஓ என்ற கருவியில் --ரீட்-ரா என்ற தெரிவோடு படியுங்கள். கீழே சொல்லப்போகும் டிடிரெஸ்க்யூ விசிடிக்கும் பாட்டு சிடிக்கும் உதவாது.

பாதியில் நிற்கிறது, டிஎம்இஎஸ்ஜியில் 'மீடியம் எரர்'

'அன்ரெகவர்டு ரீட் எரர்' என்றும் சேர்ந்து வரும். இது உண்மையான கீறல், அழுக்கு, அல்லது வயது.

இந்த வரியைப் பார்த்ததும் ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போடுவதை நிறுத்துங்கள். மோசமான ஒரு செக்டாரில் மாட்டிக்கொண்டு டிரைவ் மணிக்கணக்காக முனகும், பிறகு முழுக் காப்பியும் தோற்கும். நல்ல பகுதிகளை முதலில் வாரி எடுத்துக்கொண்டு, மோசமான பகுதிகளுக்குக் கடைசியில் வருவதுதான் முறை. அதைத் தானாகச் செய்வது டிடிரெஸ்க்யூ. உபுண்டு, டெபியனில் தொகுப்பின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, கட்டளையின் பெயர் டிடிரெஸ்க்யூ. மவுண்ட் ஆகியிருந்தால் கழற்றிவிட்டு இப்படித் தொடங்குங்கள்:

டிடிரெஸ்க்யூ -என் -பி2048 /டெவ்/எஸ்ஆர்0 விழா.ஐஎஸ்ஓ விழா.மேப்

முதல் சுற்றில் சுலபமாக வருவது எல்லாம் வந்துவிடும். அடுத்து, விட்டுப்போனவற்றை மட்டும் மூன்று முறை முயல:

டிடிரெஸ்க்யூ --ஐடைரக்ட் -ஆர்3 -பி2048 /டெவ்/எஸ்ஆர்0 விழா.ஐஎஸ்ஓ விழா.மேப்

அந்த மேப் கோப்புதான் இதன் உயிர். எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு அதில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டலாம். வேறொரு டிரைவில், வேறொரு கணினியில்கூட விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டாரை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான். நண்பர் வீட்டுப் பழைய மேசைக் கணினியில் இருக்கும் டிரைவை அலட்சியம் செய்யாதீர்கள். வேகத்தைக் குறைத்தாலும் சில வட்டுகள் வழிக்கு வரும்: ஈஜெக்ட் -எக்ஸ் 4 /டெவ்/எஸ்ஆர்0.

எடுத்து முடித்ததும் சூடோ மவுண்ட் -ஓ லூப்,ஆர்ஓ விழா.ஐஎஸ்ஓ /எம்என்டி என்று பிரதியை மவுண்ட் செய்யுங்கள். இனி அசல் வட்டைத் தொட வேண்டியதில்லை. எத்தனை சோதனை வேண்டுமானாலும் பிரதியில் செய்யலாம்.

துடைப்பது பற்றி. மென்மையான பஞ்சுத்துணியைச் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதிதாக விழும் கீறல் தடத்தோடு ஒட்டி ஓடும், பிழை திருத்தும் குறியீட்டால் அவ்வளவு நீளக் கீறலைச் சமாளிக்க முடியாது. குறுக்கே விழும் கீறலைச் சமாளித்துவிடும். பற்பசை தேய்க்கும் வைத்தியம் வேண்டாம், ஒரே பிரதி உள்ள வட்டில் அந்தப் பரீட்சை கூடவே கூடாது. சிடியில் பளபளக்கும் தகடு மேல்பக்கத்தில், பெயர் எழுதும் பரப்புக்கு அடியிலேயே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே போய்விடும். டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். சிடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல் வெளிச்சம் தெரியும் இடங்களில் தகடு உதிர்ந்துவிட்டது. அந்த இடத்துத் தரவு திரும்பாது, சுற்றியுள்ளதைக் காப்பாற்றுங்கள்.

சில சிடிகளில் எல்லாம் வந்து, ஆகக் கடைசியில் மட்டும் இரண்டு செக்டார் பிழை காட்டும். தடம் தடமாக எரித்த சிடிகளின் முடிவில் இருக்கும் வெற்றுச் செக்டார்கள் அவை. ஐஎஸ்ஓசைஸ் /டெவ்/எஸ்ஆர்0 சொல்லும் பைட் எண்ணிக்கைக்கு உங்கள் பிரதி குறையாமல் இருந்தால் ஒன்றும் போகவில்லை.

சினிமா டிவிடி திறக்கிறது, படம் ஓடவில்லை

கடையில் வாங்கிய படங்களுக்கு மட்டும் வரும். கோப்புகள் தெரியும், ஓட்டினால் சதுரம் சதுரமாகச் சிதறும், அல்லது டிஎம்இஎஸ்ஜியில் 'ஸ்கிராம்பிள்டு செக்டார்' என்று வரும். வட்டு பூட்டப்பட்டிருக்கிறது. லிப்டிவிடி-பிகேஜி என்ற தொகுப்பை நிறுவி, சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லிப்டிவிடி-பிகேஜி என்று ஒருமுறை ஓட்டினால் விஎல்சி படிக்கும். உங்கள் நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதியில் விற்க வந்த படம் என்று குறிக்கும் மண்டல எண் இன்னொரு தடை. இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1. டிரைவின் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதன்பின் கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஒரு படத்துக்காக அதைச் செலவழிக்காதீர்கள்.

சூப்பர்யூசர் வேண்டும், ஃபோல்டர் இல்லை என்றெல்லாம் சொல்கிறது

இவை சிறிய விஷயங்கள். 'மவுண்ட் பாயிண்ட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்றால் அந்த ஃபோல்டரை முதலில் உருவாக்குங்கள். 'ஆல்ரெடி மவுண்டட்' என்றால் டெஸ்க்டாப் உங்களை முந்திவிட்டது. ஃபைண்ட்எம்என்டி /டெவ்/எஸ்ஆர்0 என்று கேட்டால் எங்கே என்று சொல்லும். உபுண்டுவில் /மீடியாவுக்குள் உங்கள் பெயரில், ஃபெடோராவில் /ரன்/மீடியாவுக்குள் இருக்கும். 'சோர்ஸ் ரைட்-புரொடெக்டட், மவுண்டட் ரீட்-ஒன்லி' என்பது பிழையே இல்லை, வட்டு படிக்க மட்டும் திறந்திருக்கிறது என்ற தகவல். சூடோ இல்லாமல் மவுண்ட் செய்ய யூடிஸ்க்ஸ்சிடிஎல் மவுண்ட் -பி /டெவ்/எஸ்ஆர்0 போதும். டெபியனில் உங்கள் கணக்கு சிடிராம் குழுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்ச்சில் அந்தக் குழுவின் பெயர் ஆப்டிகல்.

பழைய கோப்புகள் காணவில்லை, தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகத் தெரிகின்றன

ஒரே சிடியில் பல தடவை எரித்திருந்தால் கடைசியாக எரித்த பட்டியல்தான் இயல்பாகத் திறக்கும். முன்பு எரித்தவற்றை அதில் சேர்க்காமல் விட்டிருந்தால் அவை மறைந்துபோனது போல் தோன்றும். மவுண்ட் கட்டளையில் -ஓ செஷன்=1 சேர்த்துப் பாருங்கள், முதல் பட்டியல் வரும்.

கோப்புப் பெயர் தமிழில் இருந்து ????.ஜேபிஜி என்று வந்தால் -ஓ ஐஓசார்செட்=யுடிஎஃப்8 என்று கொடுங்கள் (இது utf8 என்ற எழுத்துக் குறிமுறை, மேலே சொன்ன யுடிஎஃப் கோப்பு முறைமை அல்ல). விண்டோஸில் எரித்த சிடிகளில் நீண்ட பெயர்களை ஜோலியட் என்ற நீட்சி வைத்திருக்கும், யூனிகோடில்தான். வாசிக்கும்போது மாற்றுவதில்தான் தவறு. ஜோலியட் பெயருக்கு 64 குறி வரம்பு உண்டு. தமிழில் 'கோ' என்பதே மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு, 'ர்' என்பதும் புள்ளியோடு இரண்டு. அதனால் ஆங்கிலத்தைவிடச் சீக்கிரம் வரம்பு எட்டி, பெயரின் வால் வெட்டுப்பட்டிருக்கும். உள்ளடக்கம் அப்படியே இருக்கும், பெயரை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

ஏதாவது நிறுவப் போனால் வட்டைப் போடு என்கிறது

டெபியனை டிவிடியிலிருந்து நிறுவியவர்களுக்கு வருவது. மென்பொருள் நிறுவும் ஏபிடி ஒவ்வொரு முறையும் 'மீடியா சேஞ்ச்' என்று /மீடியா/சிடிராமில் வட்டைக் கேட்கும். டிரைவில் கோளாறு இல்லை. /இடிசி/ஏபிடி/சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்து, 'டெப் சிடிராம்:' என்று தொடங்கும் வரியின் முன்னால் # போட்டுச் சேமித்து, சூடோ ஏபிடி அப்டேட் கொடுங்கள்.

இதற்கு நெருங்கியது, துவக்கத்திலேயே கணினி தடுமாறி அவசர நிலைக்குப் போவது. துவக்கத்தில் எவற்றை மவுண்ட் செய்வது என்று சொல்லும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்ஆர்0 வரியில் நோஆட்டோ என்ற சொல் விட்டுப்போயிருக்கும். யூசர்,நோஆட்டோ என்று இரண்டையும் சேர்த்தால் துவக்கத்தில் வட்டைத் தேடாது, நீங்கள் கேட்கும்போது மட்டும் மவுண்ட் செய்யும்.

வட்டு வெளியே வரவில்லை

மவுண்ட் ஆன வட்டை லினக்ஸ் பூட்டி வைத்திருக்கும், பொத்தானை அழுத்திப் பயனில்லை. யூமவுண்ட் கொடுங்கள். 'டார்கெட் இஸ் பிஸி' என்றால் ஏதோ ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் அந்த ஃபோல்டருக்குள் நிற்கும் உங்கள் டெர்மினல்தான். ஃபியூசர் -விஎம் என்று எழுதி மவுண்ட் ஆன ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால் யார் என்று காட்டிவிடும். அதை மூடிவிட்டுக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் பொத்தான் வேலை செய்யாவிட்டால், நடுவில் செயலிழந்த ஏதோ ஒரு நிரல் பூட்டை விடாமல் போயிருக்கிறது. ஈஜெக்ட் -ஐ ஆஃப் /டெவ்/எஸ்ஆர்0 அந்தப் பூட்டைத் திறக்கும், அடுத்து ஈஜெக்ட் /டெவ்/எஸ்ஆர்0 தட்டை வெளியே தள்ளும்.

அதற்கும் அசையாவிட்டால் கணினியை அணைத்து மின்சாரத்தைத் துண்டியுங்கள், யூஎஸ்பி என்றால் கேபிளைப் பிடுங்குங்கள். வட்டு சுழன்று நிற்கும்வரை அரை நிமிடம் காத்திருங்கள். டிரைவின் முகப்பில் சிறு துளை ஒன்று இருக்கும். ஜெம் கிளிப்பை நேராக்கி, சாய்க்காமல் அதற்குள் நுழைத்து, தடுப்பு தெரியும் இடத்தில் மெதுவாக அழுத்தினால் தட்டு சில மில்லிமீட்டர் வெளியே வரும். மீதியைக் கையால் இழுத்துக்கொள்ளலாம்.